பரண்ல கெடந்த டிவி கேம்: உப்புக்காத்து தின்ன கேசட்டு திரும்ப ஓடுமா?

கடக்கரை_காண்ட்ரா (கீழக்கரை)

எல்லாருக்கும் சலாம், வணக்கம். கொஞ்சம் நீளமா கேக்கப்போறேன், பொறுத்துக்கங்க.

போன வாரம் லீவுல ஊருக்கு வந்தேன். உம்மா பரண சுத்தம் பண்ணணும்ண்டு ரெண்டு வருசமா சொல்லிட்டு இருந்தாங்க, சரிண்டு ஏறுனேன். பித்தள சாமான், கிழிஞ்ச பாய், வாப்பாவோட சபுர் பெட்டி. அந்தப் பெட்டிய தொறந்தா மஞ்சப்பையில சுத்தி நம்ம டிவி கேம்! வாப்பா 1997ல துபாய்ல இருந்து வரும்போது கொண்டு வந்தது. டாங் பவுடர், கோடாலித் தைலம், உம்மாவுக்கு துணி எல்லாத்துக்கும் அடியில இருந்துச்சு, அதுனால கடைசியா தான் வெளிய வந்துச்சு, அது வர்றவரைக்கும் நானும் காக்காவும் (அண்ணன்) பெட்டிய விட்டு நகரல. நிண்டெண்டோ காரன் ஜப்பான்ல 1983ல விட்ட ஃபேமிகாம் மிசினோட காப்பி தான் இதுண்டு இப்ப தெரியுது. அப்ப அதெல்லாம் யாருக்குத் தெரியும், டிவி கேம்ண்டா டிவி கேம்.

இப்ப நெலம என்னண்டா, ரெண்டு ஜாய்ஸ்டிக் இருக்கு (ஒண்ணுல A பட்டன் உள்ள போயிருச்சு), ஒரு துப்பாக்கி இருக்கு, கேசட்டு மூணு இருக்கு, அதுல ஒண்ணு "9999 இன் 1", ஒரே கேசட்டுல 9999 கேம் இருக்குண்டு போட்டது. அடாப்டர காணோம். கேசட்டு அடியில அந்த தங்கக்கலர் பல்லு வரிசையா இருக்கும்ல, அது முழுக்க பச்சையா பூத்திருக்கு, பாசி புடிச்ச மாதிரி. நம்ம வீடு கடலுக்கு நாலு தெரு தள்ளி தான், கேட்டு கம்பியே ரெண்டு வருசத்துல உதிர்ந்து போகுது, இது இருபத்தேழு வருசம் கெடந்துருக்கு.

வீட்ல இருக்குறது 43 இஞ்ச் எல்இடி டிவி. இதுல ஓடுமா? ரிப்பேர் பண்ண ஆள் இருக்காங்களா நம்ம பக்கம்? தங்கச்சி மகன் சொல்றான் "மாமா இதுக்குப் போயி ஏன் செலவு பண்றீங்க, போன்ல எமுலேட்டர் (பழைய மிசின் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) போட்டா எல்லா கேமும் சும்மாவே வரும்"ண்டு. வாஸ்தவம் தான். ஆனா மகளுக்கு ஒம்பது வயசு, அவளுக்கு இந்த மிசின்லயே காட்டணும்ண்டு ஒரு இது. சொல்லத் தெரியல.

ஈயம்_வச்சவன் (ராமநாதபுரம்)

தம்பி மொதல்ல ஒண்ணு. வீட்ல கெடக்குற ஏதாவது ஒரு அடாப்டர எடுத்து சொருகிப் பாத்துறாதீங்க. முடிஞ்சிரும்.

இந்த மாதிரி காப்பி செட்ல பெரும்பாலும் 9 வோல்ட் டிசி. ஆனா பிளஸ் நடுவுலயா வெளியிலயாங்கிறது செட்டுக்கு செட்டு மாறும், ஒரிஜினல் ஃபேமிகாம்ல நடுவுல மைனஸ், நம்ம ரவுட்டர் அடாப்டர் எல்லாம் நடுவுல பிளஸ். மாத்தி சொருகுனா பொகை வரும். செட்டு அடியில ஒரு வட்டம் போட்டு பிளஸ் மைனஸ் குறி இருக்கும் பாருங்க, அழிஞ்சிருந்தா தொறந்து, உள்ள மூணு காலோட 7805ன்னு ஒரு ரெகுலேட்டர் நிக்கும், அது வர்ற 9 வோல்ட்ட 5 வோல்ட்டா கொறைக்கிறது, அதோட நடுக்கால் தான் கிரவுண்டு. அங்கேருந்து அடாப்டர் சாக்கெட்டுக்கு மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி (ரெண்டு எடத்துக்கும் தொடர்பு இருக்கான்னு) புடிச்சா எது மைனஸ்னு தெரிஞ்சிரும்.

பச்சைக்கு வருவோம். அது செம்பு. மேல பூசுன முலாம் ரொம்ப மெல்லிசு, நம்ம ஊரு காத்துல உப்பும் ஈரமும் சேந்து அதுக்குள்ள பூந்து அடியில இருக்குற செம்ப தின்னுருக்கு. மெடிக்கல்லயோ ஆன்லைன்லயோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்க, 99 சதவீதம் உள்ளது. காது குடையிற பஞ்சுல நனைச்சு பல்லு பல்லா தொடைங்க. போகாத எடத்துக்கு மட்டும் பென்சில் ரப்பர், அதுவும் மெதுவா, அழுத்தித் தேய்ச்சா மிச்ச முலாமும் போயிரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவன பாத்தா எனக்குக் கொலவெறி வரும், சொல்லிட்டேன்.

A பட்டன் சின்ன வேலை. உள்ள ரப்பர் குமிழு இருக்கும், அதோட அடியில கறுப்பா ஒரு பொட்டு, அந்தக் கரி தேஞ்சிருந்தா பட்டன் வேலை செய்யாது. 4பி பென்சில வச்சு அந்தப் பொட்டுல நல்லா கிறுக்குங்க, ஆறு மாசம் ஓடும்.

கேசட்ட தொறந்தா உள்ள ஒரு கறுப்பு உருண்டை, தாரு சொட்டு விழுந்த மாதிரி இருக்கும். அதுக்குள்ள தான் சிப்பு. அது செத்துருந்தா ஆண்டவன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. பல்லு மட்டும்னா பண்ணிறலாம்.

அப்புறம் தயவுசெஞ்சு ஊதாதீங்க.

தூக்குப்பாலம் (பாம்பன்)

ஊதாம எப்டிண்ணே??? ஊதி ஊதி தான் எனக்கு நொரையீரலே வளந்துச்சு

ஈயம்_வச்சவன்

சிரிங்க. எச்சி ஈரம் போயி செம்புல ஒக்காந்து தான் பாதிக் கேசட்டு செத்துச்சு. ஊதுனதும் ஓடுச்சே ஓடுச்சேன்னு சொல்லுவாங்க, ஊதுறதுக்காக கேசட்ட கழட்டி மறுபடி சொருகுனீங்கள்ல, அந்த சொருகுனதுல பல்லு கொஞ்சம் எடம் மாறி உக்காரும், அதான் ஓடுச்சு. இதே நிண்டெண்டோ அமெரிக்காவுல வித்த மிசினுக்கு ஊதுனதுக்காவது ஒரு காரணம் இருந்துச்சு, அது 72 பின்னு, விசிஆர் மாதிரி உள்ள தள்ளி அமுக்கணும், கூடவே திருட்டுக் கேசட்ட தடுக்க ஒரு பூட்டு சிப்பு வேற, காண்டாக்ட் லேசா விட்டாலும் திரை மின்னி மின்னி அணையும். நமக்கு 60 பின்னு, மேல இருந்து நேரா சொருகுறது, பூட்டும் இல்ல. நாம ஏன் ஊதுனோம்னே தெரியல.

தூக்குப்பாலம்

சரிண்ணே ஊதல. ஆனா எனக்கு கடக்கரை தம்பிட்ட ஒரு கேள்வி, இந்த மிசின் சொந்தமா இருந்த ஆளுகள நாங்க எப்டி பாத்தோம்னு தெரியுமா? எங்க தெருவுல யாருக்கும் துபாய் வாப்பா கெடையாது, அப்பா எல்லாம் கடலுக்குப் போறவுக. தங்கச்சிமடத்துல ஒரு கடை இருந்துச்சு, முன்னாடி எஸ்டிடி பூத்து, பின்னாடி தட்டி மறச்சு ரெண்டு டிவி. ஒரு உயிருக்கு ஒரு ரூவா. நெசமா. மரியோ செத்தா எந்திரிச்சுப் போகணும், அடுத்தவன் உக்காருவான்.

அதுல ஒரு கூத்து நடந்துச்சு. ராம்நாட்ல மாமா வீட்டுக்குப் போயிட்டு வந்த ஒருத்தன் காண்ட்ரான்னு ஒரு துப்பாக்கிச் சண்டை கேமுக்கு ரகசிய கோடு (பட்டன் அமுக்குற வரிசை) கத்துக்கிட்டு வந்துட்டான், மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ. போட்டா 30 உயிரு. ஒரு ரூவாய குடுத்துட்டு ஒக்காந்தான் பாருங்க, மத்தியானம் சோத்துக்குக் கூட எந்திரிக்கல, நாங்க பத்து பேரு பின்னாடி நிக்கிறோம், கடைக்காரண்ணனுக்கு ஒண்ணும் வெளங்கல, என்னடா இவன் சாகவே மாட்டேங்குறான்னு. சாயங்காலம் தான் கண்டுபுடிச்சாரு. மறுநாள்லேருந்து உயிர்க்கணக்கு எல்லாம் கெடையாது, மணிக்கு பத்து ரூவான்னு அட்டையில எழுதித் தொங்கவிட்டுட்டாரு. அவன நாங்க அடிக்காத கொறை.

அந்தக் கோட கண்டுபுடிச்ச ஆளு கொனாமிங்கிற ஜப்பான் கேம் கம்பெனில வேலை பாத்த கசுஹிசா ஹாஷிமோட்டோ, 1986ல கிரேடியஸ்னு ஒரு விமானக் கேம ஃபேமிகாமுக்கு மாத்தும்போது கேம் அவருக்கே கஷ்டமா இருந்துச்சாம், சோதிச்சுப் பாக்க வசதியா எல்லா ஆயுதமும் வர்ற மாதிரி ஒரு வரிசைய வச்சிருக்காரு, எடுக்க மறந்து அப்டியே வெளிய வந்துருச்சு. 2020ல எறந்துட்டாரு. செய்தி பாத்தப்ப எனக்கு அந்தக் கடைக்காரண்ணன் மூஞ்சி தான் நெனப்பு வந்துச்சு.

2001ல மீன்பிடி தடைக்காலம்னு ஒண்ணு வந்துச்சே, ஏப்ரல் 15லேருந்து 45 நாள் (இப்ப 61 நாள்), விசைப்படகு எல்லாம் கரையில. எங்களுக்கும் முழுப்பரீச்ச லீவு. அப்பாவும் வீட்ல, நாங்களும் வீட்ல, கையில காசு மட்டும் யாருட்டயும் இல்ல. அந்த ஒன்றரை மாசம் கடைல கூட்டம் நிக்கும், ஆடுறவன் ஒருத்தன், பாக்குறவன் இருவது பேரு. நான் ஆடுனத விட பாத்தது தான் சாஸ்தி. இப்ப யூடியூப்ல எவனோ ஆடுறத உக்காந்து பாக்குறானுகன்னு பெரியவுக திட்டுறாக, நாங்க அத 2001லயே பண்ணியாச்சு, நின்னுக்கிட்டே.

ஜும்ஆநேர_ராணி (பெரியபட்டினம்)

எல்லாம் ஆம்பளப் புள்ளைங்க கதையாவே இருக்கு, நானும் சொல்றேன்.

எங்க வீட்லயும் ஒரு செட்டு இருந்துச்சு, ரெண்டு காக்கா, ஒரு தம்பி. எனக்கு ஜாய்ஸ்டிக்க தொடவே விடமாட்டானுங்க, "நீ பாத்துக்கிட்டு இரு லாத்தா"ண்டு தம்பி கூட சொல்லுவான், என்னைய விட நாலு வயசு சின்னவன். வெள்ளிக்கெழம மட்டும் தான் எனக்கு நாள். பன்னண்டரைக்கு மூணு பேரும் குளிச்சு அத்தர் பூசி ஜும்ஆ தொழுகைக்குக் கெளம்புவானுங்க, செருப்பு சத்தம் தெருமுனை தாண்டுனதும் நான் ஆண்டனா வயர புடுங்கி கேம் வயர மாட்டிருவேன். ஒரு மணிநேரம். உம்மா அடுப்படில கறி ஆக்கிட்டு இருப்பாங்க, "சத்தத்த கொறச்சு வையி"ண்டு மட்டும் சொல்லுவாங்க.

ஒரு வெள்ளி மரியோல 1-2, அந்த நெலவறை லெவல் இருக்குல்ல, கடைசில பைப்புக்கு மேல நிண்டு செங்கல ஒடச்சிட்டு, குனிஞ்ச மாதிரி பின்பக்கமா தாவுனேன், செவுத்துக்குள்ள பூந்துருச்சு. நான் வேணும்ண்டு பண்ணல, கை தவறி. அப்டியே செவுத்துக்குள்ள நழுவிக்கிட்டே போயி வேற லெவலுக்குக் குறுக்குவழில போற அந்த மூணு பைப்பு இருக்குற ரூமுக்கு வந்துட்டேன், மொதப் பைப்புல எறங்குனா "வேர்ல்ட்"ண்டு போட்டு பக்கத்துல நம்பரே இல்ல, ஒரு கோடு, ஒண்ணு. தண்ணி லெவல். நீந்துறேன் நீந்துறேன் முடியவே இல்ல, கடைசில பைப்புல பூந்தா மறுபடி அதே தண்ணி. நேரம் முடிஞ்சு செத்தேன்.

காக்காமாரு வந்ததும் சொன்னேன். ஒருத்தனும் நம்பல. "கனவு கண்டியா"ண்டு கேட்டானுங்க. செஞ்சு காட்டுறேண்டு சொல்லி பத்து தடவ தாவுனேன், ஒரு தடவ கூட பூவல. அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும் வீட்ல "இவ தண்ணி லெவலு பாத்தவ"ண்டு கேலி. பதினஞ்சு வருசம் அந்தப் பேரு. கல்யாணம் ஆகி நெட்டு கனெக்சன் வந்தப்புறம் ஒரு நாள் சும்மா தேடுனேன், உலகம் பூரா அதுக்கு "மைனஸ் வேர்ல்ட்"ண்டு பேரே வச்சிருக்காங்க. அந்த ரூமுல பைப்புக்கு நம்பர் ஏறுறதுக்கு முன்னாடியே நாம உள்ள பூந்துர்றதுனால கேம் தப்பான எடத்துலேருந்து 36ண்டு ஒரு நம்பர எடுத்துருது, 36க்குப் போட அதுட்ட எழுத்து இல்ல, வெத்துக்கட்டம் வந்துருது, அதான் மைனஸ் மாதிரி தெரியுது. எனக்கு அழுகையே வந்துருச்சு. லிங்க பெரிய காக்காவுக்கு அனுப்புனேன், ரியாத்துல இருக்காரு. "சரி ஒத்துக்கிறேன்"ண்டு ரெண்டு வார்த்தை மட்டும் வந்துச்சு.

கடக்கரை காக்கா, மகளுக்குத் தானே கேட்டீங்க. மொதல்ல அவ கையில குடுங்க.

தூக்குப்பாலம்

லாத்தா 🙏 தண்ணி லெவலு உண்டுன்னு எங்க கடைலயும் ஒருத்தன் சொல்லி அடி வாங்குனான். அவன் இப்ப போட்டுல டிரைவரு. நாளைக்கே போன் போட்டு மன்னிப்பு கேக்கணும்

ஃப்ளாப்பி_தம்பி (ராமநாதபுரம்)

எமுலேட்டர மட்டமா பேசாதீங்க, நான் அதுல வளந்தவன். 2004, 2005 வாக்குல அரண்மனைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருவது ரூவா. சூப்பர் மரியோ மொத்தக் கேமும் 40 கேபி தான், இப்ப நீங்க வாட்ஸப்ல அனுப்புற குட்மார்னிங் படம் அத விடப் பெருசு. ஒரு ஃப்ளாப்பி 1.44 எம்பி. முப்பது கேமுக்கு மேல அடங்கும். சென்டர்ல டவுன்லோடு போட்டு ஃப்ளாப்பில ஏத்தி பஸ்ல வீட்டுக்குக் கொண்டு போயி போட்டா பாதி நேரம் "டிஸ்க் நாட் ஃபார்மேட்டட்"னு வரும், ஃப்ளாப்பியையும் உப்புக்காத்து விடல போல.

40 கேபில எப்டி அடக்குனானுகன்னு தேடப் போயி தான் நான் கம்ப்யூட்டர் பக்கமே வந்தேன். மரியோல வானத்துல மேகம் இருக்குல்ல, கீழ செடி இருக்குல்ல, ரெண்டும் ஒரே படம், கலரு மட்டும் தான் வேற. இத்தன வருசம் ஆடியும் எவனும் கவனிச்சிருக்க மாட்டான், இப்ப போயி பாருங்க. மிசினோட மெமரியே 2 கேபி தான், அதுக்குள்ள தான் மரியோ எங்க நிக்கிறான், எத்தன காசு, எதிரி எத்தன எல்லாம் ஓடணும். நெஸ்டெவ்னு ஒரு கூட்டம் இருக்கு, ஃபேமிகாமோட ஒவ்வொரு பின்னும் என்ன செய்யுதுன்னு பிரிச்சு மேஞ்சு எழுதி வச்சிருக்கானுக, சம்பளம் கெடையாது ஒண்ணும் கெடையாது. நம்ம 9999 இன் 1 மாதிரி திருட்டுக் கேசட்டக் கூட ஆவணமா சேக்குறவங்க இருக்காங்க. அதுனால கடக்கரை அண்ணே, பழுது பாக்க முடியலன்னாலும் கேசட்ட குப்பையில போட்றாதீங்க. அதுல இருக்குறது அம்பதோ நூறோ தான், மிச்சமெல்லாம் அதே கேம வேற லெவல்லேருந்து ஆரம்பிச்சு வேற பேரு போட்டு ஏமாத்துறது, இருந்தாலும்.

ஃபேஸ்புக் மாதிரி ஆர்க்குட்னு ஒண்ணு இருந்தப்ப (2014ல மூடிட்டானுக) இந்த மாதிரி கேம் கம்யூனிட்டி நெறைய இருந்துச்சு, டேங்க் கேமுக்கு மொத்தம் 35 ஸ்டேஜ் தானா இல்லையான்னு நாலு நாள் சண்ட போடுவோம். அதெல்லாம் ஆர்க்குட்டோட சேந்து போயிருச்சு, ஒரு வரி கூட என்ட்ட இல்ல. உங்க மிசின் பரண்லயாவது கெடந்துச்சு.

கடக்கரை_காண்ட்ரா

ராணி லாத்தா, சத்தியமா உங்க பதில படிச்சிட்டு தான் ஞாபகம் வந்துச்சு, எங்க வீட்லயும் தங்கச்சிக்கு ரெண்டாவது ஜாய்ஸ்டிக்க குடுத்துட்டு ஒத்த ஆளு கேம போட்டு விட்டுருவோம். அவ அமுக்கிக்கிட்டே இருப்பா. அவளுக்குத் தெரியுமா தெரியாதாண்டு இதுவரைக்கும் நான் கேட்டதில்ல.

ஈயம் அண்ணே, துப்பாக்கி பத்தி ஒண்ணும் சொல்லலயே நீங்க?

ஈயம்_வச்சவன்

அத மறந்துருங்க. துப்பாக்கிலேருந்து ஒண்ணும் வெளிய போகாது, அது கண்ணு மாதிரி, உள்ள ஒளிய பாக்குற சென்சார் தான் இருக்கு. வாத்து சுடுற கேம்ல விசைய அமுக்குனதும் டிவி ஒரு நொடிக்கும் ரொம்ப கொறைவா முழுக்க கறுப்பாகும், அடுத்து வாத்து இருக்குற எடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி மொதல்ல இருட்ட பாக்கணும், உடனே வெள்ளைய பாக்கணும், அப்ப தான் வாத்து விழும். எல்இடி டிவி படத்த வாங்கி அதுக்கு ஏத்தாப்ல மாத்தி காட்டுறதுக்குள்ள அந்த நேரம் கடந்துருது. பழைய பிக்சர் டியூப் டிவி கெடைச்சா மட்டும் பாருங்க.

குண்டு பல்ப பாத்து சுட்டா எல்லா வாத்தும் விழும்னு சொல்லித் திரிஞ்சவன் ஒவ்வொரு தெருவுலயும் ஒருத்தன் இருந்தான். பல்பு எரிஞ்சுக்கிட்டே தானப்பா இருக்கு, இருட்டு எங்க வரும்?

உங்க செட்டு பின்னாடி மஞ்சளும் வெள்ளையுமா ரெண்டு ஓட்டை இருந்தா அத டிவியோட ஏவில குடுங்க. புது டிவில ஏவி ஒரே சின்ன ஓட்டையா இருக்கும், அதுக்குத் தனி வயர் விக்கிது. ஹெச்டிஎம்ஐ மாத்துற டப்பா வேண்டாம், அமுக்குனதுக்கும் தாவுறதுக்கும் இடைவெளி விழும், மரியோ பூரா பள்ளத்துல தான் கெடப்பான்.

கடக்கரை_காண்ட்ரா

எல்லாருக்கும் அப்டேட். ஓடிருச்சு!!

ஆல்கஹால் ராம்நாட்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைலயே கெடைச்சிச்சு. மூணு கேசட்டுல ரெண்டு எந்திரிச்சிருச்சு, 9999 மட்டும் திரை பூரா எழுத்து எழுத்தா கலங்கி நிக்கிது, அத பத்திரமா எடுத்து வச்சிருக்கேன் ஃப்ளாப்பி தம்பி, ஆள் இருந்தா சொல்லுங்க. அடாப்டர் குறி பாத்தேன், நடுவுல மைனஸ் தான், நல்லவேளை கேட்டேன், கையில ரவுட்டர் அடாப்டர எடுத்து வச்சிட்டு தான் இந்தக் கேள்வியவே டைப் பண்ணிட்டு இருந்தேன்.

நேத்து அஸர் தொழுகைக்கு அப்புறம் தங்கச்சியும் மகனும் வந்திருந்தாங்க. ஜாய்ஸ்டிக்க மொதல்ல மகள் கையில குடுத்தேன் லாத்தா, நீங்க சொன்ன மாதிரியே. மொத காளான்லயே முட்டி செத்தா. மறுபடி அதே காளான். மூணாவது தடவ தங்கச்சி, "இங்க குடு"ண்டு வாங்குனா. மொத லெவல ஒரு உயிரு போகாம முடிச்சா. நான் வாயப் பொளந்துட்டேன், எப்புடிண்டு கேட்டா, "நீங்க டியூசன் போனப்புறம் யாரு ஆடுனதுண்டு நெனச்சீங்க"ண்டா.

நாங்க இப்டி சத்தம் போட்டுக்கிட்டு இருக்கும்போது உம்மா அடுப்படிலேருந்து வந்து வாசப்படில நிண்டு பாத்தாங்க, கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, அப்புறம் அதே பழைய கொரல்ல, "போதும் அமத்துங்க, டிவி பிக்சர் டியூப் போயிரப் போகுது."